அஞ்சாத உயிர்களும் அழையா விருந்தாளியும்

பார்ப்பது குற்றமாகுமா? இவ்வினாவை எழுப்புவோர் உலகில் மிகச் சிலரே. கொலை குற்றம், களவு குற்றம், பொய் குற்றம் என்று எல்லாச் சமயங்களும் எல்லா அறநூல்களும் ஒரே குரலில் உரைக்கின்றன. ஆனால், பிற உயிர்கள் வாழும் இடத்திற்குச் சென்று, அவற்றைத் தொடாமலும் துன்புறுத்தாமலும் கண்ணால் மட்டும் கண்டு திரும்புவது அறத்தின் ஆய்வுக்கு உரிய செயலா என்று கேட்டால், கற்றோரும் சற்றே தயங்குவர். மலரைப் பறித்தவனைத் தோட்டக்காரன் கடிந்துகொள்வான். மலரைப் பார்த்தவனை எவரும் கடிந்துகொள்வதில்லை. கண் எதையும் எடுப்பதில்லை; எதையும் உடைப்பதில்லை. ஆகவே, பார்வை மாசற்றது என்பதே பொதுவான எண்ணமாகும்.

இவ்வெண்ணம் எந்த அளவிற்கு உண்மை என்பதை உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் வேண்டும். பசிபிக் பெருங்கடலில் ஈக்குவடோர் நாட்டிற்கு மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில் கிடக்கும் கலாபகோஸ் தீவுக்கூட்டம் அத்தகைய உரைகல்லாகும். எரிமலைகளால் உருவான இத்தீவுகளைக் காண, உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். அவர்களுள் ஒரு பகுதியினர் சிறு கப்பல்களில் தங்கி, தீவு தீவாகச் சென்று, அங்குள்ள உயிரினங்களைக் கண்டு மகிழ்கின்றனர். வேட்டையாடுவதற்கோ வாணிகத்திற்கோ அவர்கள் வருவதில்லை; காண்பதற்கென்றே வருகின்றனர். எனவே, காணும் செயலின் நன்மை தீமைகளை எடைபோட இதனினும் பொருத்தமான இடம் வேறில்லை எனலாம்.

நெருப்பில் பிறந்த நிலம்

கலாபகோஸ் தீவுகள் எக்காலத்திலும் எந்தக் கண்டத்தோடும் இணைந்திருந்தவை அல்ல. கடலடியில் ஓரிடத்தில் பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் பொங்கி எழுகிறது. அதன் மேலுள்ள நிலத்தட்டோ மெல்ல மெல்லக் கிழக்கு நோக்கி நகர்கிறது. எரிமலைக் குழம்பு குவிந்து ஒரு தீவு பிறக்கிறது. அது நகர்ந்து விலகியதும் அதே இடத்தில் இன்னொரு தீவு பிறக்கிறது. ஆகவே, கிழக்கிலுள்ள எஸ்பனோலா, சான் கிறிஸ்டோபல் முதலியவை முதுமையடைந்த தீவுகள். மேற்கிலுள்ள பெர்னாண்டினா பத்து இலட்சம் ஆண்டுகள்கூட நிரம்பாத இளந்தீவு. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலும் பெர்னாண்டினாவின் எரிமலை நெருப்பைக் கக்கியது. படைப்பு முடிந்துவிட்ட ஒன்றன்று, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்பதை அத்தீவு கண்ணெதிரே காட்டுகிறது.

இப்படித் தனித்துப் பிறந்த நிலத்திற்கு வந்து சேர்ந்த உயிர்கள் எல்லாம் பறந்தோ நீந்தியோ மிதந்தோ வந்தவையே. கண்டங்களில் வாழும் பெரிய கொடுவிலங்குகளால் அந்த நீர்வெளியைக் கடக்க இயலவில்லை. அதனால் அங்கு வாழ்க்கை வேறொரு வழியில் வளர்ந்தது. உடும்பைப் போன்ற தோற்றமுடைய இகுவானா என்னும் பல்லியினத்துள் ஒன்று, கடலில் மூழ்கிப் பாசியைத் தின்னப் பழகியது. உலகில் கடலை நம்பி வாழும் பல்லியினம் அது ஒன்றே. நீர்க்காகம் பறப்பதையே மறந்து, சிறுத்துப்போன சிறகுகளோடு கரையில் உலவுகிறது. நிலநடுக்கோட்டின் அருகே பெங்குவின் வாழ்கிறது. ஸ்பானிய மொழியில் ஆமையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே இத்தீவுகளுக்குப் பெயர் வந்தது. 200 கிலோவிற்கு மேல் எடையுள்ள ஆமைகள் இங்கு உண்டு.

இவற்றையெல்லாம்விட வியப்பளிப்பது ஒன்று உண்டு. இவ்வுயிர்கள் மனிதனைக் கண்டு ஓடுவதில்லை. கடற்சிங்கம் மனிதனின் காலடியில் உறங்குகிறது. நீலக்கால் பூபி என்னும் கடற்பறவை நடைபாதையின் ஓரத்திலேயே முட்டையிட்டு அடைகாக்கிறது. அச்சம் என்பது பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாக உயிர்கள் சேர்த்துவைக்கும் அறிவு. ஓடுவதற்கு ஆற்றல் செலவாகும். ஒளிவதற்குப் பொழுது செலவாகும். பகைவன் இல்லாத இடத்தில் அச்சம் வீண் செலவே. அதனால் அவ்வுயிர்கள் அதனைச் சேர்த்துவைக்கவில்லை.

அச்சமின்மை அன்பும் அன்று, உடன்பாடும் அன்று. தன்னைத் தாண்டிச் செல்லாமல் அமர்ந்திருக்கும் பறவை, தன்னை வரவேற்கிறது என்று மனிதன் எண்ணிக்கொள்கிறான். அப்பறவை அவனை வரவேற்கவில்லை. அவன் யார் என்பதே அதற்குத் தெரியாது. அறியாமையால் திறந்து கிடக்கும் கதவு, அழைப்பதற்காகத் திறந்துவைத்த கதவு ஆகாது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவன், உணராதவன் என்னும் இரு சாராரின் கதையே இத்தீவுகளின் கதையாகும்.

எடுத்துச் சென்றவர்கள்

1535ஆம் ஆண்டில், பனாமாவின் ஆயர் தோமாஸ் டி பெர்லாங்கா சென்ற கப்பல் காற்றின்றி நீரோட்டத்தில் இழுபட்டு இத்தீவுகளை அடைந்தது. பறவைகள் மனிதரைக் கண்டு விலகத் தெரியாமல் இருந்ததை அவரே ஸ்பானிய மன்னருக்கு எழுதிய மடலில் குறிப்பிட்டார். பின்னர்க் கடற்கொள்ளையர் வந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திமிங்கில வேட்டைக்காரர் வந்தனர். ஆமைகள் உணவும் நீருமின்றிப் பல மாதங்கள், சிலவேளை ஓராண்டு வரையிலும்கூட உயிர் வாழ வல்லவை என்பதை அவர்கள் கண்டறிந்தனர். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் இதனினும் சிறந்த உணவுக் கிடங்கு வேறேது? ஆமைகளைச் சுமந்து வந்து கப்பலின் அடித்தளத்தில் அடுக்கி வைத்து, வேண்டியபோது வேண்டியதைக் கொன்று தின்றனர். இவ்வாறு மறைந்த ஆமைகளின் தொகை ஓர் இலட்சத்திற்கும் மேல் என்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். பொறுமையும் உறுதியும் அவ்வுயிருக்கு வலிமையாக இருந்தன. அவ்வலிமையே அதற்கு எமனாயிற்று.

1835ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின், பீகிள் என்னும் கப்பலில் வந்து ஐந்து வாரங்கள் இத்தீவுகளிடையே தங்கினார். துப்பாக்கியின் முனையால் ஒரு பருந்தைக் கிளையிலிருந்து தள்ளிவிட முடிந்தது என்று அவர் எழுதினார். புளோரியானா தீவில் தாம் கண்ட ஒரு சிறுவனைப் பற்றியும் எழுதினார். அச்சிறுவன் ஒரு கிணற்றின் அருகே கையில் ஒரு குச்சியோடு அமர்ந்திருந்தான். நீர் அருந்த வந்த புறாக்களையும் சிறு குருவிகளையும் அக்குச்சியால் அடித்துக் கொன்று, தன் உணவுக்காக ஒரு சிறு குவியலாகச் சேர்த்து வைத்திருந்தான். அதுவே அவனது வழக்கமாம்.

இச்சிறுவனைக் கொடியவன் என்று யாரும் கூறிவிட முடியாது. அவனுக்குப் பசி, பறவைகளுக்குத் தாகம். அவன் பொறி வைக்கவில்லை, வலை விரிக்கவில்லை, ஓடி ஓடித் துரத்தவும் இல்லை. பறவைகள் விலகவில்லை, அவன் அடித்தான், அவ்வளவே. ஆனால், அறத்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எதிர்க்கும் உயிரைக் கொல்பவன் தன் வலிமையைச் செலவிடுகிறான்; ஓடும் உயிரைக் கொல்பவன் தன் திறமையைச் செலவிடுகிறான். விலகத் தெரியாத உயிரைக் கொல்பவனோ அவ்வுயிரின் நம்பிக்கையையே செலவிடுகிறான். தனக்குச் சொந்தமில்லாததைச் செலவிடுவது எதுவாகும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

டார்வினும் இக்குற்றத்திற்கு முற்றிலும் புறம்பானவர் அல்லர். அவரும் அவருடன் வந்தவர்களும் ஆமை இறைச்சியை உண்டனர். ஆயினும், பிறர் காணாத ஒன்றை அவர் கண்டார். ஒரு நாட்டின் உயிர்கள் புதியவனின் சூழ்ச்சிக்கும் ஆற்றலுக்கும் ஏற்பத் தம் இயல்பை மாற்றிக்கொள்வதற்கு முன்னரே, புதிதாக வரும் கொடுவிலங்கு எத்துணைப் பேரழிவை விளைவிக்கும் என்று அவர் எண்ணிப் பார்த்தார். அவ்வெண்ணத்தின் முழுப் பொருளை மனிதகுலம் உணர மேலும் நூறு ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது.

விட்டுச் சென்றவர்கள்

எடுத்துச் செல்வது ஒருவகைத் தீங்கு என்றால், விட்டுச் செல்வது இன்னொரு வகைத் தீங்கு. முன்னதைக் கண்ணால் காணலாம். பின்னதைக் காலம்தான் காட்டும். கப்பலில் வந்த எலி கரையேறியது. குடியேறியவர்கள் பன்றியையும் கழுதையையும் ஆட்டையும் கொண்டுவந்தனர். 1959ஆம் ஆண்டில் மீனவர் சிலர் பிந்தா என்னும் தீவில் மூன்று ஆடுகளை விட்டனர். அடுத்த முறை வரும்போது இறைச்சி கிடைக்கும் என்பதே அவர்களின் எண்ணம். அந்த மூன்று ஆடுகளின் வழித்தோன்றல்கள் சில ஆண்டுகளிலேயே பல்லாயிரமாகப் பெருகித் தீவின் பசுமையை மேய்ந்து தீர்த்தன.

அத்தீவின் ஆமையினம் அற்றுப்போய்விட்டது என்று கருதப்பட்ட வேளையில், 1971ஆம் ஆண்டில் ஓர் ஆண் ஆமை அங்குக் கண்டுபிடிக்கப்பட்டது. ‘தனித்த ஜார்ஜ்’ என்று உலகம் அதனை அழைத்தது. அதற்கு ஒரு துணையைத் தேடித் தீவெங்கும் அலைந்தனர்; கிடைக்கவில்லை. நெருங்கிய இனத்துப் பெண் ஆமைகளோடு வாழவைத்தனர். இட்ட முட்டைகள் பொரிக்கவில்லை. 2012ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் அது இறந்தது. ஓர் உயிரின் இறப்பு எங்கும் நிகழ்வதே. ஆனால், அன்று இறந்தது ஓர் உயிர் மட்டுமன்று. ஓர் இனமே அன்று முடிந்தது.

தவற்றைத் திருத்த முயன்றபோது இன்னுமோர் அறச்சிக்கல் எழுந்தது. 1997 முதல் 2006 வரை, இசபெலா தீவின் வடபகுதி, சாந்தியாகோ, பிந்தா ஆகிய இடங்களில் ஆடுகளை அறவே ஒழிக்கும் திட்டம் நடந்தது. ஹெலிகாப்டரில் இருந்தும் தரையில் இருந்தும் 1 இலட்சத்து 40 ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆடுகள் சுடப்பட்டன. எஞ்சி ஒளிந்திருந்தவற்றைக் கண்டுபிடிக்க ஓர் உத்தி கையாளப்பட்டது. ஓர் ஆட்டைப் பிடித்து, அதன் கழுத்தில் ஒலிபரப்புக் கருவியைக் கட்டி விட்டுவிடுவர். கூடி வாழும் இயல்புடைய அந்த ஆடு தன் இனத்தைத் தேடிச் சென்று சேரும். பின்தொடர்ந்து வந்தவர்கள் மற்றவற்றைச் சுட்டுவிட்டு, அதனை மட்டும் மீண்டும் உயிரோடு விடுவர். அது மீண்டும் தேடும். ஏசுநாதரைக் காட்டிக்கொடுத்த சீடனின் பெயரால் அதனை ‘யூதாஸ் ஆடு’ என்றனர். யூதாஸாவது அறிந்து செய்தான். இந்த ஆடு செய்த பிழைதான் என்ன? தன் இனத்தோடு சேர விரும்பியது ஒன்றே.

இக்கொலை அறமா? ஆட்டை விட்டிருந்தால் ஆமை அழியும். ஆமையைக் காத்தால் ஆடு அழியும். ஆடு உலகெங்கும் உண்டு. அந்த ஆமை அத்தீவைத் தவிர வேறெங்கும் இல்லை. எனவே, இனத்தைக் காப்பதற்காக உயிர்களைக் கொல்வது தவிர்க்க இயலாதது என்றனர் அறிஞர். ஆடுகள் அகன்றதும் புல்லும் புதரும் மீண்டும் தழைத்தன என்பதும் உண்மையே. எனினும், ஒவ்வோர் உயிருக்கும் தன் உயிர் தனக்கு இனியது என்று கருதும் நெஞ்சம் இவ்வாதத்தால் முழுதும் ஆறுதல் அடைவதில்லை. ஆறுதல் அடையவும் கூடாது. தேவையான செயல்கள் எல்லாம் தூய செயல்கள் ஆகிவிடுவதில்லை. அந்த 1 இலட்சத்து 40 ஆயிரம் உயிர்களின் பழி, துப்பாக்கி ஏந்திய கைக்கு மட்டும் உரியதன்று. பின்விளைவை எண்ணாமல் ஆட்டை இறக்கிவிட்ட கைகளுக்கும் உரியது. அக்கைகளோ யாருக்கும் தீங்கு நினைத்தவை அல்ல. தீங்கு நினையாமை மட்டும் அறமாகிவிடாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

சிறு கப்பல் கற்பிக்கும் ஒழுங்கு

1959ஆம் ஆண்டில் ஈக்குவடோர் அரசு இத்தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. இன்று நிலப்பரப்பில் 97 விழுக்காடு பூங்காவைச் சேர்ந்தது. 1978ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சொத்தாக ஏற்றது. 1960களின் பிற்பகுதியில் பயணிகளை ஏற்றிய கப்பல்கள் ஒழுங்காக வரத் தொடங்கின. அன்று முதல் எடுப்பவனுக்கும் விடுபவனுக்கும் அடுத்தபடியாகக் காண்பவன் வந்து சேர்ந்தான்.

அவனுக்கென்று விதிகள் வகுக்கப்பட்டன. தீவுகளைச் சுற்றிவரும் கப்பலில் நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. பதினாறு பேரை மட்டுமே ஏற்றிச் செல்லும் கப்பல்கள் பல. குறித்த இடங்களில் மட்டுமே கரையிறங்கலாம். பயிற்சி பெற்ற வழிகாட்டி இன்றி இறங்கக் கூடாது. ஒரு வழிகாட்டியின் பின்னே பதினாறு பேருக்கு மேல் செல்லக் கூடாது. குறியிட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. உயிர்களிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். உணவளிக்கலாகாது, தொடலாகாது, ஒளிவீச்சுடன் படம் எடுக்கலாகாது. கல், கிளிஞ்சல், மணல் எதையும் கொண்டுவரலாகாது. டார்வினின் பெயரையே தாங்கி நிற்கும் வடகோடித் தீவில் பயணிகள் கால் வைக்கவே இடமில்லை.

பெர்னாண்டினா தீவில் எஸ்பினோசா முனை என்னும் ஓரிடத்தில் மட்டுமே பயணிகள் இறங்கலாம். வெளியிலிருந்து வந்த பாலூட்டி எதுவும் குடியேறாத தீவு அது. கப்பல் தொலைவில் நிற்க, காற்றடைத்த ரப்பர்ப் படகில் பயணிகள் கரைக்கு வருவர். எரிமலைக் குழம்பு இறுகிக் கறுத்த பாறைமீது, அதே கறுப்பு நிறத்தில் நூற்றுக்கணக்கான கடல் இகுவானாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து வெயில் காயும். சற்று நேரம் நின்று நோக்கினால்தான் அது பாறையன்று, உயிர் என்பது புலப்படும். அவ்வப்போது அவை மூக்கின் வழியே உப்புநீரைப் பீச்சும். அப்பால் பறவாத நீர்க்காகம் தன் குட்டைச் சிறகுகளை விரித்து உலர்த்தும். பறக்க இயலாவிட்டாலும் முன்னோரின் பழக்கத்தை அது விடவில்லை.

சில வேளைகளில் ஓர் இகுவானா நடைபாதையின் குறுக்கே படுத்திருக்கும். அப்போது எழுந்து வழிவிட வேண்டியது இகுவானா அன்று. மனிதனே நின்று, சுற்றி, ஒதுங்கிச் செல்ல வேண்டும். கடற்சிங்கக் குட்டி விளையாட்டாக நெருங்கி வந்தால், பின்வாங்க வேண்டியவன் அவனே. அவன் படித்தவனாக இருக்கலாம், பெருஞ்செல்வனாக இருக்கலாம், பிற இடங்களில் அவன் வரவுக்காகப் பலர் எழுந்து நிற்கலாம். இங்கே ஒரு பல்லிக்காக அவன் காத்து நிற்கிறான். புலியின் முன் ஒதுங்குவது அச்சம். அரசனின் முன் ஒதுங்குவது வழக்கம். எந்த வலிமையும் இல்லாத உயிரின் முன் ஒதுங்குவதே அடக்கம். சிறு கப்பல் பயணம் மனிதனுக்குக் கற்பிக்கக்கூடிய தலையாய பாடம் இதுவே.

விதிகள் எட்டாத இடம்

இவ்வாறு விதிகளை எல்லாம் ஒழுங்காகப் பின்பற்றிவிட்டால் காண்பவன் குற்றமற்றவன் ஆகிவிடுவானா? அங்குதான் வினா மேலும் ஆழமாகிறது.

2001ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஜெசிக்கா என்னும் எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் தீவின் துறையருகே தரைதட்டியது. எண்ணெய் கடலில் கலந்தது. அக்கப்பலில் இருந்த எரிபொருளின் ஒரு பகுதி தீவுகளின் தேவைக்கு உரியது. மற்றொரு பகுதி ஒரு சுற்றுலாக் கப்பலுக்கு உரியது. காற்றும் நீரோட்டமும் எண்ணெயின் பெரும்பகுதியைத் தொலைவிற்குக் கொண்டுசென்றதால் பேரழிவு தவிர்க்கப்பட்டது என்று உலகம் மகிழ்ந்தது. ஆனால், சாந்தா பே தீவில் ஆய்வு நடத்திய அறிஞர்கள், அடுத்த ஓராண்டுக்குள் அங்கிருந்த கடல் இகுவானாக்களில் 62 விழுக்காடு மடிந்ததைக் கண்டறிந்தனர். சிறிதளவே படிந்த எண்ணெய், பாசியைச் செரிக்க உதவும் குடல் நுண்ணுயிர்களைக் கொன்றிருக்கலாம் என்பது அவர்களின் கருத்து.

எந்தப் பயணியும் இகுவானாவைத் தொடவில்லை. எல்லாரும் இரண்டு மீட்டர் தள்ளியே நின்றனர். ஆயினும், அவர்கள் சென்ற கப்பல்களை ஓட்டுவதற்கு எண்ணெய் வேண்டியிருந்தது. அந்த எண்ணெயைக் கொண்டுவர இன்னொரு கப்பல் வேண்டியிருந்தது. கண் எதையும் எடுப்பதில்லை என்பது மெய்தான். ஆனால், கண் தனியே பயணம் செய்வதில்லை. அதனைச் சுமந்து செல்ல உடல் வேண்டும். உடலைச் சுமக்கக் கப்பலும் விமானமும் வேண்டும். அவற்றின் பின்னே எரிபொருளும் உணவும் கழிவும் தொடர்கின்றன. காலணியின் அடியில் ஒட்டிய ஒரு விதை, பெட்டியின் மூலையில் ஒளிந்த ஒரு பூச்சி ஆகியவையும் உடன் வருகின்றன. எவ்வழியிலோ வந்து சேர்ந்த ஓர் ஈயினத்தின் புழுக்கள், இன்று கூட்டில் இருக்கும் குஞ்சுகளின் குருதியை உறிஞ்சி அரிய பறவையினங்களை அழிவின் விளிம்பிற்குத் தள்ளுகின்றன. பழைய மாலுமிகளின் குற்றம் எடுத்துச் சென்றது. இன்றைய பயணியின் குற்றம் அவன் அறியாமலே விட்டுச் செல்வது.

இதனைக் கண்டு, ‘எவரும் போகவே கூடாது, தீவுகளை அடைத்துவிடுங்கள்’ என்பார் உளர். இவ்வாதம் தூயது, ஆனால் முழுமையற்றது. அத்தீவுகளில் ஏறத்தாழ 30 ஆயிரம் மக்கள் வாழ்கின்றனர். அவர்களும் உயிர்களே. அவர்களுள் பெரும்பாலோர் வாழ்வு பயணிகளின் வரவை நம்பியே உள்ளது. 1990களில் கடலட்டை பிடிப்பதற்கு அரசு தடை விதித்தபோது, சினங்கொண்ட மீனவர்கள் 1995ஆம் ஆண்டில் டார்வின் ஆராய்ச்சி நிலையத்தை முற்றுகையிட்டு, ஆமைகளைக் கொல்வோம் என்று அச்சுறுத்தினர். வயிறு காயும் இடத்தில் அறவுரை செவியேறாது. பயணிகளால் வரும் வருவாயும் இல்லாதிருந்தால், கடலையும் காட்டையும் அழித்தே பிழைக்க வேண்டிய நிலை அம்மக்களுக்கு நேர்ந்திருக்கலாம். தவிரவும், பயணிகள் செலுத்தும் நுழைவுக் கட்டணத்தின் ஒரு பகுதி பூங்காவைக் காக்கவே செலவாகிறது.

‘யாவரும் போகலாம், காண்பது மனிதனின் பிறப்புரிமை’ என்பார் மறுசாரார். 2023ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கப்பலில் தங்கியவர் அல்லர், ஊர்களில் தங்கியவர்கள். தங்குவோர் பெருகப் பெருக ஊரும் பெருகும்; நீரின் தேவையும் குப்பையின் அளவும் பெருகும். 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் வெளிநாட்டினர் பெரும்பாலோருக்கான கட்டணம் 100 டாலரிலிருந்து 200 டாலராக உயர்த்தப்பட்டது. அப்படியானால், பணம் படைத்தவனுக்கு மட்டுமே இயற்கையின் அழகு உரியதா என்ற வினாவும் எழுகிறது. கட்டணம் கூட்டத்தைக் குறைக்கலாம், குணத்தைக் கூட்டாது. விலை கொடுத்தவன், கொடுத்த விலைக்கு ஈடாக எல்லாவற்றையும் கண்டுவிட வேண்டும் என்று துடிப்பது இயல்பு. வாங்கியது நுழைவுச் சீட்டை மட்டுமே, உயிர்களின் வாழ்வை அன்று என்பதை அவனுக்கு யார் உணர்த்துவது?

விருந்தினனின் அறம்

இவ்விரு வாதங்களுக்கும் இடையே ஒரு வழி உண்டு. தமிழில் ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் ‘புதுமை’ என்பதே முதற்பொருள். புதியவனாய் வருபவனே விருந்தினன். விருந்தோம்புவானின் கடமைகளை நம் முன்னோர் விரிவாகப் பேசினர். விருந்தினனின் கடமைகளை அத்துணை விரிவாகப் பேசவில்லை. பேச வேண்டிய தேவை அன்று எழவில்லை போலும். இன்றோ அத்தேவை எழுந்துள்ளது. அத்தீவுகளுக்குச் செல்பவன் அழைக்கப்பட்டவன் அல்லன். வீட்டுக்காரராகிய அவ்வுயிர்களுக்கு ‘வா’ என்று சொல்லவும் தெரியாது. ‘போ’ என்று சொல்லவும் தெரியாது. ஆகவே, அவன் அழையா விருந்தாளி. மறுக்க இயலாத வீட்டில் நுழைந்தவனுக்கு, மறுக்கக்கூடிய வீட்டில் நுழைந்தவனைவிடக் கடமை கூடுதல். எதிரில் இருப்பவனால் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாதபோது, அச்சொல்லையும் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது வலியவனின் பொறுப்பாகும்.

அவன் தன்னைச் சோதித்துக்கொள்ள இரு வினாக்கள் போதும். ‘நான் போன பின்னும் இவ்வுயிர் மனிதனுக்கு அஞ்சாமல் இருக்குமா?’ என்பது முதல் வினா. ஒரு பறவைக்கு அச்சத்தைக் கற்பித்துவிட்டவன், பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்ந்த ஒன்றை ஒரே நாளில் உடைத்துவிட்டான். ‘நான் போன பின்னும் என்னுடையது ஏதேனும் இங்கே தங்கிவிடுமா?’ என்பது இரண்டாம் வினா. முதல் வினா எடுத்துச் செல்வதைத் தடுக்கும். இரண்டாம் வினா விட்டுச் செல்வதைத் தடுக்கும். இவ்விரண்டிற்கும் நேர்மையாக விடை கூற இயலாதவன், அவ்விடத்தைக் காணாமலிருப்பதே மேல். காணாமலே காத்தலும் ஓர் அன்புதான். உலகத்தாரில் மிகப் பெரும்பாலோர் அத்தீவுகளை ஒருநாளும் காணப்போவதில்லை. அவர்களுள் எத்தனையோ பேர் தனித்த ஜார்ஜின் மறைவிற்கு வருந்தினர் என்பதை எண்ணினால், அன்பிற்குக் கண் கட்டாயம் வேண்டும் என்பது பொய்யாகிறது.

நம்பிக்கை இழக்கவும் வேண்டியதில்லை. எஸ்பனோலா தீவின் ஆமையினத்தில் 1960களிலும் 1970களிலும் தேடித் தேடிச் சேர்த்தவை பதினான்கே. அவற்றுள் ஆண் ஆமைகள் இரண்டு மட்டும். அமெரிக்காவின் ஒரு விலங்குக் காட்சிசாலையில் இருந்த தியேகோ என்னும் மற்றோர் ஆண் ஆமையையும் அவற்றோடு சேர்த்தனர். இப்பதினைந்து ஆமைகளின் வழிவந்த ஏறத்தாழ 2,000 இளம் ஆமைகள் அத்தீவில் விடப்பட்டன. 2020ஆம் ஆண்டில் தியேகோ உட்பட அந்தப் பதினைந்து ஆமைகளும் தம் சொந்த மண்ணிற்கே திருப்பி அனுப்பப்பட்டன. ஆமைகளைச் சுமந்து சென்று கப்பலில் ஏற்றிய அதே மனித இனம், ஆமைகளை முதுகில் சுமந்து சென்று தீவில் இறக்கியது. கைகள் ஒன்றே, கருத்து மாறிவிட்டது.

பார்ப்பது குற்றமாகுமா என்ற வினாவிற்கு விடை இதுதான்: பார்வை தானாகவே குற்றமும் அன்று, தானாகவே தூய்மையும் அன்று. பார்ப்பவன் தன்னோடு எதைக் கொண்டுவருகிறான், எந்த இடத்தில் நின்றுகொள்கிறான், எப்போது திரும்பிவிடுகிறான் என்பவையே அதனை முடிவு செய்கின்றன. கடலின் நடுவே கறுத்த பாறையில் கண்மூடிக் கிடக்கும் அந்த உயிர், தன்முன் நிற்பவன் கிணற்றடிச் சிறுவனா, ஒதுங்கிச் செல்லும் பயணியா என்பதை அறியாது. அதனை அறிந்திருக்க வேண்டியவன் நிற்பவனே.